மேற்கு வாசலைத் திறந்தது யார்

ஒரு கோட்டைக்கு இரண்டு வாசல்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சைக் கல்தான் சாவி. வாசலின் வெளிப்பக்கத்தில் ஒரு குழி இருக்கிறது. அதில் கல்லை வைத்தால் கதவு திறக்கும். கதவு திறந்திருக்கும்வரை குழி கல்லை விடாது. கதவைச் சாத்தினால்தான் கல் கழன்று கைக்கு வரும். உட்பக்கத்தில் குழியே கிடையாது. ஈரா என்ற பெண் தன்னந்தனியாக வந்து, கிழக்கு வாசலில் கல்லை வைத்து, உள்ளே போகிறாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது. கல் வெளியே, கிழக்குப் பக்கத்துக் குழியிலேயே நிற்கிறது. அவள் இருண்ட நகரத்தைக் கடந்து மேற்கு வாசலுக்கு வருகிறாள். மேற்கு வாசல் திறக்கிறது.

எப்படித் திறந்தது?

இந்தக் கேள்வி என்னை ஒரு வாரம் படுத்தியது. ஈரா ஒரு நாவலின் கதாநாயகி. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மாயக்கதை. பெயரைத் தமிழில் சொன்னால் ‘கல்வாசல்’ என்று வரும். எழுதியவள் பார்கவி, என் சிறுவயதுத் தோழி. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. புத்தகக் கடையில் அட்டையைப் பார்த்துவிட்டு, “மகளுக்கா மேடம்?” என்று கேட்டார்கள். எனக்கு மகள் இல்லை. ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

நான் லிஃப்ட் கம்பெனியில் பாதுகாப்புப் பரிசோதனை செய்கிற இன்ஜினியர். நீங்கள் லிஃப்டில் ஏறும்போது இரண்டு கதவுகள் திறக்கும், கவனித்திருப்பீர்கள். ஒன்று லிஃப்டின் கதவு, இன்னொன்று அந்தந்த மாடியின் கதவு. லிஃப்ட் வந்து நிற்காமல் மாடிக் கதவு திறக்காது. மாடிக் கதவுகள் எல்லாம் சாத்தாமல் லிஃப்ட் நகராது. ஒன்று இன்னொன்றைப் பிடித்துவைத்திருக்கிறது. சில மின்பெட்டிகளில் இதையே ஒரு சாவியால் செய்வோம். பெட்டியைத் திறக்கும் சாவி மெயின் சுவிட்சில் மாட்டியிருக்கும். கரண்டை நிறுத்தினால்தான் சுவிட்ச் சாவியை விடும். அவசரத்தில் இருப்பவன்கூடத் தப்புச் செய்ய முடியாது. எனக்கு இதைவிட அழகான விஷயம் உலகத்தில் குறைவு.

அதனால் அந்தப் பச்சைக் கல்லைப் பற்றிப் படித்ததும் மெஷின் ரூமில் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பார்கவிக்கு இது எப்படித் தெரிந்தது? சின்ன வயதில் ரேடியோ பேட்டரியைக்கூட அவள் தலைகீழாகத்தான் போடுவாள்.

இந்த மாதிரிப் புத்தகங்களில் அப்பா அம்மாக்கள் முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகிறார்கள், அல்லது ஒன்றும் புரியாதவர்களாக இருக்கிறார்கள். ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ ஒருவர் கதவைத் தட்டுவதோடு முடிகிறது. பதினான்கு வயதில் படித்திருந்தால் நான் ஈராவாகவே ஆகியிருப்பேன். இப்போது கதவின் கீல்களைப் பார்க்கிறேன். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. மேற்கு வாசல் திறக்கும் இடம் வந்தபோதுதான் நின்றேன். புத்தகத்தில் அந்த இடம் ஒரே வரி: ‘அவள் நம்பினாள், கதவு திறந்தது.’

என் கணவர் ராகேஷிடம் காகிதத்தில் கோட்டையை வரைந்து காட்டினேன். அவர் மருந்துக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார்.

“இன்னா ஷோபா, மந்திரக் கதை தானே? கல்லு வச்சா கதவு திறக்குதுன்னா ஒத்துக்குற. தானா திறந்துச்சின்னா மட்டும் ஒத்துக்க மாட்டியா?”

“மந்திரத்துக்கும் ரூல் இருக்குதுங்க. ரூல் போட்டது அவ. அவளே மீறினா எப்படி?”

“போன் பண்ணிக் கேளு. ஃபிரெண்டுதானே?”

“இருங்க. நானே கண்டுபிடிக்கிறேன்.”

“சின்னப் பசங்க புக்குக்கு இன்ஸ்பெக்ஷன் போடுற ஒரே ஆளு நீதான்.”

வேறு கல் இருந்ததா என்று தேடினேன். உலகத்தில் ஒரே கல் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டாள். காற்றில் திறந்திருக்குமா? யானை முட்டியே திறக்காத கதவு. கடைசியில், பழுதான லிஃப்டில் செய்வதைச் செய்தேன். என்ன பழுது என்று தெரியாவிட்டால், பழுதுக்கு முன்னால் நடந்ததை எல்லாம் வரிசையாகப் பார்க்க வேண்டும். இருண்ட நகரத்து அத்தியாயத்தை மறுபடி மெதுவாகப் படித்தேன்.

நகரத்தில் துணியால் ஆன பூதங்கள் படுத்துக் கிடக்கின்றன. அவற்றின் உடம்பில் சிவப்பும் நீலமுமாகப் பட்டைகள். தொட்டால் தூசி பறக்கிறது. கவிழ்த்துவைத்த செம்புக் குவிமாடங்கள் நிற்கின்றன. அவற்றிலிருந்து பழைய நெய்யும் புகையும் கலந்த வாசனை வருகிறது. ஈரா ஒரு மாடத்தைத் தட்டினால் அது வெகுநேரம் முனகுகிறது. மேற்கு வாசலில் அவள் காத்திருக்கும்போது மதிலுக்கு வெளியே எங்கிருந்தோ தமுக்குச் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்குப் புத்தகத்தில் காரணமே இல்லை.

எனக்குக் காரணம் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டேன். முழங்கையைத் தடவிப் பார்த்தேன்.

அது கோவிந்தப்பாவின் ஷெட்.

மர்பி டவுனில் நாங்கள் இருந்த காம்பவுண்டின் சொந்தக்காரர் கோவிந்தப்பா. கல்யாணங்களுக்கு ஷாமியானா, நாற்காலி, அண்டா வாடகைக்குக் கொடுப்பார். அதெல்லாம் காம்பவுண்டின் கடைசியில் இருந்த நீளமான ஷெட்டில் கிடக்கும். ஜன்னல் கிடையாது. முன்கதவு காம்பவுண்டுக்குள், பின்கதவு கன்சர்வன்சி சந்தில். வீடுகளின் முதுகுப் பக்கமாக, குப்பை எடுக்க வெள்ளைக்காரன் காலத்தில் விட்ட சந்து அது. இரண்டு கதவுக்கும் வெளியே நாதாங்கி, வெளியே பூட்டு. ஒரே சாவி போடும் ஜோடிப் பூட்டாக வாங்கியிருந்தார். இரண்டு சாவியில் ஒன்றை அவரே தொலைத்துவிட்டார். மிச்சமிருந்தது தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஆணியில் தொங்கும்.

அந்தப் பூட்டுக்கு ஒரு குணம் உண்டு. திறந்திருக்கும்போது சாவியைக் கடித்துக்கொண்டு நிற்கும். பூட்டினால்தான் விடும். ஆக, பின்கதவைத் திறக்கச் சாவி வேண்டுமென்றால் முன்கதவைப் பூட்டியே ஆக வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் விளையாட்டு அதுதான். பார்கவி உள்ளே போவாள். நான் முன்கதவைப் பூட்டுவேன். சாவியை எடுத்துக்கொண்டு காம்பவுண்ட் கேட்டைத் தாண்டி, பெரிய தெருவில் சில்வெஸ்டர் அண்ணனின் சைக்கிள் கடையைச் சுற்றி, சந்துக்குள் ஓடி, பின்கதவைத் திறப்பேன். அவள் இருட்டில் நடந்து அந்தப் பக்கம் வந்திருப்பாள். வெளியே வந்ததும் உள்ளே என்னென்ன பார்த்தாள் என்று சொல்லுவாள். பூதம், செம்பு அரண்மனை, ஊமை ராஜா. எனக்கு அதெல்லாம் கண்ணில் படாது. நான் கேள்வி கேட்பேன். ராஜா ஊமை என்றால் உத்தரவு எப்படிப் போடுவான்? கோட்டைக்குச் சாவி யாரிடம் இருக்கும்? அவள் ஊரைப் பார்த்தாள், நான் ஊருக்குச் சட்டம் போட்டேன். திறந்திருக்கும்வரை சாவி வராது என்ற சட்டம் என்னுடையது. பூட்டிடம் இருந்து நான் கற்றுக்கொண்டது.

ஒரு வருஷம் அல்சூர் பூப்பல்லக்குத் திருவிழா அன்று சாயங்காலம், அவளை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு வந்தால், தெருவே இல்லை. ஜனம். பூ ஜோடித்த டிராக்டர் ஒன்று குறுக்கே நின்றது. தமட்டைப் பறை அடிக்கிறவர்கள் அதற்கு முன்னால் வட்டம் போட்டுவிட்டார்கள். கெஞ்சினேன், கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் டிராக்டருக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தேன். முழங்கை சிராய்ந்து ரத்தம். கதவைத் திறந்தபோது எனக்குத்தான் அழுகை வந்தது. பார்கவி அழவில்லை. முகமெல்லாம் தூசியோடு வெளியே வந்து, “நீ வருவேன்னு எனக்குத் தெரியும்டீ” என்றாள்.

அதுதான் அந்த வரி. ‘அவள் நம்பினாள், கதவு திறந்தது.’ கதவை நம்பினாளாம்.

இப்போது எனக்குப் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது. கோட்டையைக் கட்டியவள் எல்லாவற்றையும் எடுத்துவைத்திருக்கிறாள், பூட்டின் குணத்தைக்கூட. சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளை மட்டும் எடுத்துவிட்டாள். ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டால் மெஷின் அந்த இடத்தில்தான் நிற்கும்.

புத்தகத்தின் கடைசியில் நன்றி சொல்லும் பக்கம் ஒன்று உண்டு. அதுவரை நான் அதைப் பார்க்கவில்லை. எடிட்டருக்கு நன்றி. மல்லேஸ்வரத்தில் தினமும் உட்கார இடம் கொடுத்த காபிக் கடைக்கு நன்றி. பிஸ்கட் என்ற பூனைக்கு நன்றி. அப்புறம், ‘எனக்கு இருட்டைக் கற்றுக்கொடுத்த மர்பி டவுனுக்கு.’

பக்கத்தைத் திருப்பி அடுத்த பக்கமும் பார்த்தேன். அட்டைதான் இருந்தது.

ராகேஷ் கோபப்பட்டார். “உன் பேரு வேணாம், அந்த ஓடுற பொண்ணையாவது வச்சிருக்கலாம் இல்ல? எடுத்துட்டாளே. வேணும்னே எடுத்திருக்கா. தனியா ஜெயிச்ச மாதிரி காட்டினாதானே ஹீரோயின்?”

நானும் அப்படித்தான் நினைத்தேன். வேண்டுமென்றே என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. அவள் ஒருநாள் என் முகத்தைப் பார்க்கும்போது தடுமாறுவாள், நான் திட்டுவேன், அவள் அழுவாள். அப்புறம் ஏதாவது ஒன்று மிஞ்சும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மேற்கு வாசலைத் திறந்தது யார் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளிடமிருந்து போன் வந்தது. “ஷோபி, வீட்டுக்கு வாயேன். உன்கிட்ட ஒரு டவுட் கேக்கணும். உன்னால மட்டும்தான் முடியும்.”

மல்லேஸ்வரத்தில் அவள் இருக்கும் கட்டடத்தில் கிராதிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். கதவு லேசாக உரசியது. அதை இழுத்து நன்றாகச் சாத்திவிட்டுத்தான் மேலே போனேன். பார்கவி வாசலிலேயே கட்டிக்கொண்டாள்.

“ஐயோ, எவ்ளோ நாளாச்சிடீ! வா வா, செருப்பு அங்கேயே இருக்கட்டும். பிஸ்கட், இறங்கு! அது அப்படித்தான், புது ஆளுன்னா மடியில ஏறும்.”

“புக்கு படிச்சேன்.”

“ஹௌதா, நிஜமாவா? முழுசா? என் சொந்த அண்ணனே அட்டையப் பார்த்துட்டு வச்சிட்டான்.”

“ரெண்டு வாட்டி படிச்சேன்.” பூனையைக் கீழே இறக்கிவிட்டேன். “அந்த இருட்டு ஊரு, கோவிந்தப்பா ஷெட்டுதானே?”

அவள் கைதட்டிச் சிரித்தாள். முகத்தில் ஒரு துளி தடுமாற்றம் இல்லை. “கண்டுபிடிச்சிட்டியா! யாருமே கண்டுபிடிக்கல, நீ சக்கத் ஆளுடீ. அண்டா, ஷாமியானா எல்லாம் ஞாபகம் இருக்குதா? ஆமா, நீகூட உள்ள வந்திருக்கியா?”

அவள் கொடுத்திருந்த காபி டம்ளரை மேஜையில் வைத்தேன்.

“நான் உள்ள வந்ததில்ல,” என்றேன்.

“அதான் பார்த்தேன். எல்லாரும் பயப்படுவாங்க. நான் ஒருத்திதான் போவேன். கதவு பூட்டிக்கும், கும்மிருட்டு. பல்லக்கு அன்னைக்கி ஒரு வாட்டி மாட்டிக்கிட்டேன் பாரு, வெளிய தமட்டைச் சத்தம், உள்ள நான். அவ்ளோதான், செத்தோம்னு நினைச்சேன். டக்குனு கதவு திறந்துச்சி. அந்த வெளிச்சம் இருக்குதே ஷோபி, அதுக்காகத்தான் இந்த புக்கே எழுதினேன்.”

“திறந்தது யாரு?”

“யாருக்குத் தெரியும்? கோவிந்தப்பாவா இருக்கும். சாவி அவருகிட்டதானே இருக்கும்.”

அவள் பொய் சொல்லவில்லை. பொய்யென்றால் எனக்குத் தெரியும். அவளுக்கு மூக்கு நுனி துடிக்கும். மூக்கு சும்மா இருந்தது. சந்தோஷமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துவிட்டாள் என்று நினைத்துத்தான் வந்தேன். எடுக்கவே இல்லை. நான் அவளிடம் இருந்தால்தானே எடுப்பதற்கு. திட்டுவதற்காக மெட்ரோவில் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் இவளுக்குப் பொருந்தவில்லை. வேறு யாருக்கோ தைத்த சட்டை மாதிரி கையிலேயே நின்றன.

“சரி, டவுட்டு இதுதான்,” என்று அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். “படிக்கிற பசங்க எல்லாம் நெட்ல என்னைக் கிழிக்கிறாங்க. மேற்கு வாசல் எப்படித் திறந்துச்சின்னு ஒரே சண்டை. ரெண்டாவது பார்ட்ல சொல்லியே ஆகணும், எடிட்டர் தலைமேல உட்கார்ந்திருக்கா. நீ லிஃப்டுல எத்தனை கதவு பார்த்திருப்ப! ஸ்ப்ரிங்கு, வெயிட்டு, ஏதாவது ஒண்ணு சொல்லு. இந்த வாட்டி நன்றில உன் பேரைக் கண்டிப்பா போடுறேன், ப்ராமிஸ்.”

“உனக்கே ஒண்ணும் தோணலையா?”

“எனக்கு எங்கடீ மெஷினு தோணும்? நீதான் சின்ன வயசுலயே ரேடியோவப் பிரிச்சவ.”

ரேடியோ அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

“யோசிச்சிச் சொல்றேன்,” என்றேன். அவள் டப்பாவில் சக்லி முறுக்கு போட்டுக் கொடுத்தாள். லிஃப்டில் இறங்காமல் படியில் இறங்கினேன்.

சம்பிகே ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி உட்கார்ந்தேன். எதையும் புரிந்துகொள்ளாமல் விட எனக்கு வராது. ஒருத்தி இன்னொருத்தியை இப்படித் துடைத்தமாதிரி மறப்பதற்கும் ஒரு வழிமுறை இருக்க வேண்டும் அல்லவா? ஷெட்டின் பின்கதவை மனதில் திறந்து திறந்து மூடினேன். மெஜஸ்டிக்கில் வண்டி மாறும்போது அது பிடிபட்டது. சந்துக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். பூட்டைக் கழற்றி, கதவைப் பிடித்து என் பக்கம் இழுப்பேன். கதவு வரவர நான் சுவரோடு ஒட்டிப் பின்னால் போவேன். முழுசாகத் திறந்தால் நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். உள்ளே இருட்டில் கண் பழகியவளுக்கு நேர் எதிரே வெளிச்சம். அவள் ஒவ்வொரு முறையும் பார்த்தது அதைத்தான். ‘நீ வருவேன்னு தெரியும்’ என்று சொன்னதுகூட வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சொன்னாளோ என்னவோ.

புரிந்துவிட்டால் வலி குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. பழுதின் காரணம் தெரிவதும் பழுது சரியாவதும் வேறு வேறு வேலைகள்.

வீட்டில் ராகேஷ் சக்லியைக் கடித்துக்கொண்டே கேட்டார். “நாலு வார்த்தை கேட்டியா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

“அவளுக்கு ஞாபகமே இல்ல. கோவிந்தப்பா திறந்தாராம்.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “அப்போ நீ சொல்லாத. எப்படித் திறந்துச்சின்னு அவளே மண்டைய உடைச்சிக்கட்டும். உனக்கு இன்னா தலையெழுத்து?”

அது எளிய வழி. பதில் சொல்லாமல் இருந்தால் ஈரா அந்த வாசலிலேயே நிற்பாள். வெளியே சாவியோடு இருக்கிறவள் வராமல் போனால் உள்ளே இருக்கிறவளுக்கு என்ன ஆகும் என்று நான் அந்தப் பல்லக்கு நாளில் டிராக்டருக்கு அடியில் ஊர்ந்தபோது நன்றாக யோசித்திருக்கிறேன்.

இன்னொரு வழியும் இருந்தது. மதிலுக்குள் ஒரு எடைக்கல் தொங்குகிறது, கிழக்குக் கதவு சாத்தும்போது அது இறங்கி மேற்குக் கதவைத் தூக்குகிறது என்று எழுதிவிடலாம். பசங்களுக்குப் பிடிக்கும், பார்கவிக்கும் போதும், நன்றிப் பக்கத்தில் என் பெயரும் வரும். போனில் அதை எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்தால் பொய். அப்படி ஒரு எடைக்கல் இருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வெளியே வந்துவிடலாம். பிறகு அந்த ஊரில் பயப்பட என்ன இருக்கிறது? நம்ப என்ன இருக்கிறது? அழித்தேன்.

பிறகு ஆபீஸில் பரிசோதனை முடித்து எழுதுவதைப் போல, யார் பெயரும் போடாமல், நேராக எழுதி அனுப்பினேன்:

‘உள்ளே போனவளால் எந்த வாசலையும் திறக்க முடியாது. கல் எப்போதும் வெளியேதான் இருக்கும். ஆகவே வெளியே இன்னொரு பெண் வேண்டும். ஈரா உள்ளே போனதும், அவள் கிழக்கு வாசலைச் சாத்திக் கல்லை எடுக்க வேண்டும். மதிலைச் சுற்றி ஓட வேண்டும். மேற்கு வாசலின் குழியில் கல்லை வைத்துக் கதவைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதால், திறந்தவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். வெளியே வருகிறவள் நின்று, கதவைத் தள்ளிப் பார்த்தால் அவள் தெரிவாள்.’